கையில் இருக்கும்வரை உங்களுடையது

ஆர்டிஸ் குபியாக் தன் கணவரை, அவர் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியோடு சேர்த்து விற்றுவிட்டாள் என்று விஸ்கான்சின் மாநிலத்து நியூ போசனில் ஒரு பேச்சு உண்டு. பெவ் ஷெல்ட் இதை முதலில் கேட்டது பியூட்டி பார்லரில். சொன்னவள் தன் நாத்தனாரிடம் கேட்டதாகச் சொன்னாள். நாத்தனாருக்குச் சொன்னது தபால் அலுவலக வரிசையில் நின்ற யாரோ ஒருவர். எதிர்வீட்டுக்காரியான பெவ்வுக்கு மட்டும் உண்மை தெரியும். டெல்மர் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நாற்காலியை வாங்கிய இளம் தம்பதி அவர் விழிக்கும்வரை முக்கால் மணி நேரம் புல்வெளியில் நின்று காப்பி குடித்தார்கள். விழித்ததும் அவரே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொடுத்தார். "கால் வைக்கிற பலகை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முழங்காலால ஒரு இடி இடிச்சீங்கன்னா கேக்கும்" என்று பக்குவமும் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆண்டிலிருந்து, வீட்டுப் பழைய சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்கும் யார்ட் சேல் நாளன்று டெல்மர் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு கராஜ் வாசலில் உட்காருகிறார்: 'விற்பனைக்கு அல்ல.' அட்டையை எழுதிக் கொடுத்தவளும் ஆர்டிஸ்தான். சாலையிலிருந்தே படிக்கலாம்.

விற்பனை ஜூன் முதல் சனிக்கிழமை. ஆர்டிஸ் அதற்கு ஜனவரியில் உட்காருவாள். வெளியே முழங்காலளவு பனி கிடக்கும். விஸ்கான்சின்காரர்கள் எல்லாரும் ஏரி உறைந்துவிட்டதா, மேலே வண்டி ஓட்டலாமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் சமையலறை மேசையில் தன் புல்வெளியின் வரைபடத்தை விரித்து வைத்து எங்கே எந்த மேசை என்று பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். அறுபத்தெட்டு வயது. குட்டை உருவம், அகலமான தோள். இடது தோளில் போன இலையுதிர் காலத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கூட்டுறவுப் பாலாடைக்கட்டி ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் தரம் பிரிப்பவளாக இருந்தவள். அந்தப் பழக்கம் போகவில்லை. எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, பிறகு மூக்கருகே ஒரு முகர்வு. மேசை விளக்கானாலும் சரி, பக்கத்துத் தெருக்காரி தன் மகனுக்குப் பார்த்து அழைத்துவந்த பெண்ணானாலும் சரி. அந்தப் பெண்ணை அழுத்தவில்லை, முகர்ந்ததென்னவோ உண்மை.

ஊரில் மற்றவர்களும் யார்ட் சேல் போடுகிறார்கள். பரணிலிருந்ததை இறக்கிப் புல்லில் கொட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆர்டிஸ் அதை விற்பனை என்று ஒத்துக்கொள்வதில்லை. "அது வாந்தி" என்பாள்.

அவளிடம் முறை உண்டு. "ஆம்பளைங்க காரை விட்டு எறங்க மாட்டானுங்க, பெவ். அதனால ரோட்டோரமா தூண்டில், ரம்பம், ட்ரில்லு மெஷினு. அவன் எறங்கினா அவ எறங்குவா. அவ எறங்கினா பாத்திரம் போகும்." விளக்குகளுக்கு வீட்டிலிருந்து நீள வயர் இழுத்து, எரியவிட்டுத்தான் விற்பாள். இலவசப் பெட்டி ஒன்று உண்டு. அடியில் நல்ல பொருள் ஒன்றை ஒளித்து வைப்பாள், கிளறிக் கண்டுபிடித்தவன் சந்தோஷத்தில் இன்னும் மூன்று பொருள் வாங்குவான் என்று கணக்கு. தெருமுனைப் பலகைகள் எல்லாவற்றையும் ஒரே கைதான் எழுத வேண்டும், ஒரே நிறத்தில். ஒருமுறை பெவ் நட்ட பலகையில் அம்புக்குறி கொஞ்சம் சாய்ந்துபோய், நான்கு கார்கள் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் நின்றன. அதில் ஒரு அம்மாள் இறங்கி ஒரு பளிங்குத் தேவதைக்கு விலை கேட்டாளாம்.

விலையை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுவாள். கூடவே பொருளின் குற்றம் குறையும் அதே டேப்பில் இருக்கும். மறைத்து விற்றால் அடுத்த ஆண்டு அவன் வரமாட்டான் என்பது கொள்கை. படத்துண்டு அடுக்கும் விளையாட்டுப் பெட்டி ஒன்றில்: '999 துண்டு. வானத்தில் ஓட்டை.' மின்விசிறியில்: 'காற்றும் வரும், சத்தமும் வரும்.' ரொட்டி வாட்டும் இயந்திரத்தில்: 'ஒரு தடவை தீப்பிடித்தது. இப்போது திருந்திவிட்டது.' இது மூன்று டாலருக்குப் போனது. வாங்கியவர் தீயணைப்புப் படைத் தொண்டர்.

அவளுக்கு ஆகவே ஆகாத ஒன்று, அதிக விலை. பெவ் ஒரு வருடம் ஆசைப்பட்டுத் தன் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து நாற்பது டாலர் என்று ஒட்டி வைத்தாள். ஆர்டிஸ் கட்டைவிரலால் அதை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கேட்டாள்: "இத விக்கிறியா, காட்டுறியா?"

"அது எங்க கல்யாணத்துக்கு வந்தது, ஆர்டிஸ்."

"பாசம்னா உள்ள வையி. புல்லு மேல வந்துட்டா வெலதான். அஞ்சு டாலர் போடு, இல்ல தூக்கிட்டுப் போ."

பெவ் தூக்கிக்கொண்டு போனாள். கடிகாரம் இன்றும் அவள் வீட்டுக் கூடத்தில் ஓடுகிறது, பத்து நிமிடம் பிந்தி.

எல்லா விதிகளுக்கும் மேலான விதி கைவிதி. ஒரு பொருள் உங்கள் கையில் இருக்கும்வரை அது உங்களுடையது. யாரும் கேட்கக்கூடாது, விலை சொல்லக்கூடாது, ஏக்கமாகப் பார்க்கக்கூடக் கூடாது. கீழே வைத்தீர்கள் என்றால், மூக்கைச் சொறிவதற்காக வைத்தாலும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். "கைய விட்டா விட்டதுதான்" என்பாள் ஆர்டிஸ். யார்ட் சேல் போகிற எல்லா ஊர்களிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ஆனால் நியூ போசனில் அது ஆர்டிஸ் பெயரில் சட்டமாகவே ஆகிவிட்டது. தேவாலயத்தில் ஜன்னலோர இருக்கையிலிருந்து எழுந்து போய்த் திரும்புகிறவர்களிடம்கூட அதைச் சொல்கிறார்கள்.

சட்டம் நிலைபெற்றது, வாஃபிள் என்னும் கட்டம்போட்ட அப்பம் சுடுகிற ஒரு இரும்பு வார்ப்பினால். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள் ஆளுக்கொரு கைப்பிடியை ஒரே நேரத்தில் பிடித்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் சண்டை போடமாட்டார்கள், அதுதான் கொடுமை.

"நீயே எடுத்துக்க, பரவால்ல."

"ஐய, நீ எடுத்துக்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இருவரும் கையை எடுக்கவில்லை. இருபது நிமிடம் ஆனதும் ஆர்டிஸ் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஒரு மணி நேரம் ஆனதும் டெல்மர் சுட்ட சாசேஜை பன்னில் வைத்து எடுத்து வந்து, இருவருக்கும் வாயில் ஊட்டிவிட்டார். கடைசியில் ஒருத்தியின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. வாஃபிள் வார்ப்பு மற்றவளோடு வீட்டுக்குப் போனது. போன கிறிஸ்துமஸ்வரை இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் வாஃபிள் சாப்பிட்டதில்லை.

இவ்வளவு தெரிந்த ஆர்டிஸ் ஒரு பொருளை விற்றதுதான் தப்பாகிவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுடைய ஒரே மகள் ட்ரினாவின் கல்யாணம் நின்றுபோனது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஏன் என்று ட்ரினா சொல்லவில்லை. ஆர்டிஸ் கேட்கவுமில்லை, கேட்கிற ஊர் இல்லை இது. ட்ரினா வேலை பார்க்கும் சியாட்டிலுக்கு விமானம் ஏறிவிட்டாள். கல்யாண கவுன் அவள் அறை அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூன் வந்தது. ஆர்டிஸ் அதில் டேப் ஒட்டினாள்: 'ஒரு தடவையும் போடாதது. இடுப்பு சிறிது.' மகள் கண்ணில் படாமல் போய்த் தொலையட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்தாள் என்று பெவ் யாரிடமும் வாதாடத் தயார். இருபத்தைந்து போட்டு, பேரத்தில் பதினெட்டுக்குப் போனது. வாங்கியவள் தபால்காரரின் அக்கா மகள். செப்டம்பரில் அவளுக்குக் கல்யாணம். படங்கள் ஊர் முகநூல் குழுவில் வந்தன. அந்தக் குழுவில் ட்ரினாவும் இருந்தாள்.

தொலைபேசி வந்தபோது பெவ் அந்தச் சமையலறையில்தான் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது, ஆர்டிஸுக்கு மாவுக் கை என்பதால்.

"இந்த வீட்டுல நீ டேப் ஒட்டாத பொருள்னு ஏதாவது இருக்காம்மா?"

ஆர்டிஸ் ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "உங்கப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அதன்பின் வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வருகிறது. அச்சடித்த வாழ்த்து, கீழே 'ட்ரினா' என்று கையெழுத்து. மூன்று அட்டைகளும் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருக்கின்றன. யாராவது விசாரித்தால், "சியாட்டில்ல எந்நேரமும் மழையாம். ஃபோனு நனைஞ்சிருக்கும்" என்று ஆர்டிஸ் பேச்சை மாற்றிவிடுவாள்.

மகளுடைய பொருள் என்று வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு அக்கார்டியன். நம் ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி. துருத்தியை இரண்டு கையாலும் இழுத்து மூடி வாசிக்க வேண்டும். செக்கச் சிவப்பு, முத்துச் சிப்பிக் கட்டைகள், பதினோரு கிலோ. ட்ரினா பதினொரு வயதிலிருந்து தேவாலயக் கோடைத் திருவிழாவில் அதை மாட்டிக்கொண்டு போல்கா ஆட்ட மெட்டுகள் வாசிப்பாள். ஊர்க் கிழவர்கள் பீர் கோப்பையும் கையுமாக ஆடுவார்கள். ஆர்டிஸுக்கு இசை ஞானம் கிடையாது. அவள் வேலை, ஒவ்வொரு தடவையும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று வார்ப்பட்டையை இழுத்துப் பூட்டுவது.

இந்த ஏப்ரலில் ஆர்டிஸ் ஒரு கடிதம் எழுதினாள். சமையல் குறிப்பு எழுதும் அட்டையில், விலை எழுதும் அதே தடித்த பேனாவால். தபாலில் சேர்க்கக் கொண்டுபோன பெவ், உறை ஒட்டாமல் இருந்ததால் படித்துவிட்டாள். 'ட்ரினா. அக்கார்டியன். ஜூன் முதல் வெள்ளி இரவு எட்டு மணிக்குள் வந்து எடுத்துக்கொள். இல்லாவிட்டால் சனிக்கிழமை புல்லுக்குப் போகும். டிக்கெட் காசு நாங்கள் தருகிறோம். உன் படுக்கைக்கு விரிப்பு போட்டிருக்கிறேன். அம்மா.'

பெவ் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். "நேரா, வாடி கண்ணுன்னு எழுதினா என்னடி?"

"அப்படி எழுதினா வரமாட்டா." ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பொருள் போகப்போவுதுன்னாதான் ஆளு வரும். இத்தன வருஷம் பாத்துட்டேன். போன வாரம் சும்மா கெடந்தத சீண்ட மாட்டான். நாளைக்குக் கிடைக்காதுன்னா இருட்டுல டார்ச்ச எடுத்துட்டு வந்து நிப்பான்."

"அவ கஸ்டமர் இல்லடி. மக."

"மனுஷிதானே? ஒட்டிப் போடு."

பதில் வரவில்லை. ஆர்டிஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காப்பி குடிக்கிற இடத்தில் கெடுவைப் பற்றி எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். ஊருக்குச் சொன்னால் ஊர் வழியாகப் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. போயும் சேர்ந்திருக்கும், இந்த ஊரில் எதுதான் போய்ச் சேரவில்லை? ஆனால் சொல்லிவிட்டதால் இனி அவளே பின்வாங்க முடியாது என்பது பெவ்வுக்கு மட்டும் உறைத்தது.

வெள்ளி மாலை. மேசைகள் எல்லாம் போட்டாயிற்று. ஹாம் சாண்ட்விச் நாலு பேருக்குச் செய்யப்பட்டிருந்தது; இருந்தது மூன்று பேர். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். தெருவில் ஒவ்வொரு கார் திரும்பும்போதும் ஆர்டிஸ் ஜன்னலைப் பார்க்காமல் டேப் ஒட்டினாள். எட்டு அடித்தது. எட்டேகாலுக்கு டெல்மர் நாலாவது சாண்ட்விச்சின் பக்கம் கையை நீட்டினார்.

"வையி அத" என்றாள் ஆர்டிஸ்.

அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கே, வழக்கம்போல, 'ஏழு மணிக்கு முன் வராதீர்கள்' என்ற பலகையின் கீழ் பதினோரு பேர் நின்றார்கள். ஏழுக்கு ஆர்டிஸ் வாசலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். பெவ் பணப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புல்வெளியைப் பார்த்தாள். வரைபடத்தில் இல்லாத ஒரு சிறிய மேசை, தூரத்தில், மேப்பிள் மரத்தடியில், குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் கிடந்தது. அதன்மேல் சிவப்பாக ஏதோ. எழுந்து போய்ப் பார்த்தாள். டேப்பில் குறைகள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எண் மட்டும்: 900.

பத்தொன்பது ஆண்டுகளில் அந்தப் புல்வெளியில் அறுபது டாலரைத் தாண்டி எதுவும் விலை சொல்லப்பட்டதில்லை. அந்த அறுபதும் புல்வெட்டும் இயந்திரம், அதற்கே ஆர்டிஸ் இரண்டு நாள் தூங்கவில்லை.

பெவ் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆர்டிஸ், அத விக்கிறியா, காட்டுறியா?"

ஆர்டிஸ் ஒரு ஜாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த ஜாடி. "பொட்டிக்கு முன்னால போய் உக்காரு, பெவ்."

வாக்குத் தவறாமல் புல்லுக்குக் கொண்டுவந்தாயிற்று. யாரும் வாங்கவும் முடியாது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஐம்பது காசுக்கு நாற்பது காசு கேட்கும் ஊரில் தொள்ளாயிரம் என்று ஒட்டினால் வேறென்ன நடக்கும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. எட்டேகாலுக்கு யாரோ படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டுவிட்டார்கள்: 'ஆர்டிஸ் குபியாக். தொள்ளாயிரம்.' அவ்வளவுதான். 'பூச்சியம் ஒண்ணு கூடப் போயிடுச்சா?' என்று ஒருவர். 'ஆர்டிஸுக்கு பூச்சியம் கூடப் போகாது' என்று ஒருவர். 'அப்ப உள்ள என்ன இருக்கு?' என்று மூன்றாமவர். ஒன்பதரைக்குத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. ஜனங்கள் தூண்டிலைத் தாண்டி, பாத்திரத்தைத் தாண்டி, மேப்பிள் மரத்தடிக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டேப்பைப் படித்தார்கள்.

"வித்தியாசமா இருக்கு" என்றார்கள். விஸ்கான்சினில் ஒருவரைப் பற்றியோ பொருளைப் பற்றியோ இதைவிடக் கடுமையாக எதுவும் சொல்லப்படுவதில்லை.

வந்தவர்கள் சும்மாவும் போகவில்லை. விற்பனை சரித்திரம் காணாத அளவுக்கு நடந்தது. ஆர்டிஸ் பேரமே பேசாமல் விட்டுக்கொடுத்தாள். ஒரு முழு இரவு உணவுத் தட்டுச் செட்டை இரண்டு டாலருக்குக் கேட்டவனிடம், சாலையைப் பார்த்தபடி, "ம்" என்றாள். கேட்டவனுக்கே பயமாகிவிட்டது.

பதினொன்று அடிக்கும்போது மில்வாக்கியிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. குறுந்தாடி வைத்த மனிதர். பழைய வாத்தியங்கள் வாங்கி விற்பவராம். படம் அவருக்கும் போய்விட்டது. தூண்டிலைப் பார்க்கவில்லை, ரம்பத்தைப் பார்க்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போய் அக்கார்டியனைத் தோளில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். போல்கா ஒன்றின் முதல் வரி புல்வெளி முழுக்கப் பரவியது. காப்பிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. கராஜ் வாசலில் டெல்மர் பேஸ்பால் வர்ணனை ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார்.

ஆர்டிஸ் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பெவ் பணப்பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"மூணாவது கட்டை ஒட்டிக்கும்" என்றாள் ஆர்டிஸ்.

"பரவால்லங்க, சரி பண்ணிக்கலாம்."

"பீர் கொட்டியிருக்கு. மோந்து பாருங்க."

"பழசுன்னா வாசனை இருக்கத்தான் செய்யும்."

"அத வைக்கிற பொட்டிய எலி கடிச்சிருக்கு."

"பொட்டியும் இருக்கா?" அவர் முகம் மலர்ந்தது.

இத்தனை ஆண்டுகளாகக் குறையைச் சொல்லியே விற்றுப் பழகிய வாய். எந்தக் குறையைச் சொன்னாலும் பொருள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆர்டிஸின் கழுத்து சிவந்தது. "நீங்க வெலைய கொறச்சுக் கேக்கவே இல்லையே" என்றாள், ஏறக்குறையக் கெஞ்சலாக. "யாராவது ஒட்டின வெலைய அப்படியே குடுப்பாங்களா?"

"நியாயமான வெலதாங்கம்மா. நான் ஏன் கொறைக்கணும்?"

சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். எல்லாரும் ஆர்டிஸிடம் என்றாவது ஒரு நாள், "புல்லு மேல வந்துட்டா வெலதான்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நாற்பது பேரும் டேப்பையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாய்விட்டுச் சொல்லியிருந்தாலாவது தேவலை.

தாடிக்காரர் பணம் வைத்திருந்த உறை பின்பாக்கெட்டில் இருந்தது. வார்ப்பட்டை குறுக்கே இருந்ததால் கை எட்டவில்லை. அக்கார்டியனைக் கழற்றினார். மரத்தடி மேசைமேல் பூப்போல வைத்தார். இரண்டு கையாலும் பின்பாக்கெட்டைத் துழாவினார்.

ஆர்டிஸ் எடுத்தாள்.

பெவ் பார்த்துக்கொண்டிருந்தபோதே நடந்தது. வலது தோள் முதலில், பிறகு அறுவை சிகிச்சை ஆன இடது தோள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வாருக்குள் நுழைத்தாள். சிவப்புப் பெட்டி அவள் மார்பில் வந்து உட்கார்ந்து ஒரு முனகல் முனகியது.

"அம்மா," தாடிக்காரர் உறையும் கையுமாக நின்றார், "பணம் எடுக்கத்தானே வச்சேன்?"

தன் விதியைத் தனக்காகத் தானே சொல்லிக்கொள்ள ஆர்டிஸுக்கு நா எழவில்லை போலும். பெவ்வுக்குத் தன் குரலைத் தானே கேட்டபிறகுதான் சொன்னது தான் என்று தெரிந்தது.

"கைய விட்டா விட்டதுதாங்க."

"என்னது?"

"இங்க அப்படித்தான்" என்றார் கூட்டத்தில் ஒருவர், மன்னிப்புக் கேட்கும் தொனியில். வாஃபிள் வார்ப்பை இழந்த ஓரகத்தி முன்னால் வந்தாள். "எனக்கும் அப்படித்தாங்க ஆச்சு" என்றாள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

தாடிக்காரர் கராஜ் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க சார்." டெல்மர் தன் நெஞ்சில் தொங்கிய அட்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

தாடிக்காரரும் விடுகிற ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர். "சரி, உங்க ஊரு ரூலு. அப்ப அவங்க கீழ வைக்கிற வரைக்கும் நிக்கலாம்ல?"

நிற்கலாம்தான். விதியில் அதற்கும் இடம் உண்டு. இந்த ஊர் மரியாதை பெவ்வைச் சும்மா விடவில்லை. அவளே போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டாள். யாரோ காப்பி கொடுத்தார்கள். அவர் நன்றி சொல்லி, உறையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ஆர்டிஸுக்கு எதிரே நிம்மதியாகச் சாய்ந்தார். பதினோரு கிலோ. அவருக்கும் எடை தெரியும்.

ஐந்து நிமிடத்தில் ஆர்டிஸின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது.

"பெவ்."

"சொல்லு."

"என் ஏப்ரன் பாக்கெட்டுல ஃபோனு. எடு."

பெவ் எடுத்தாள்.

"அவ நம்பர் போடு."

மூன்று ஆண்டுகளில் அந்த எண்ணை ஆர்டிஸ் அழைத்து பெவ் பார்த்ததில்லை. பொருள் போகிறது என்று எழுதுவாள், ஊர் முழுக்கச் சொல்லி வைப்பாள், அழைக்க மாட்டாள். பெயர்ப்பட்டியலில் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் பெயராக வரவேண்டும் என்று முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள்.

"என்னன்னு சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்லாத. காதுல வையி. எனக்குக் கை ரெண்டும் இதுல மாட்டியிருக்கு."

பெவ் ஒட்டி நின்று தொலைபேசியை அவள் காதில் வைத்துப் பிடித்தாள். மணி அடிப்பது பெவ்வுக்கும் கேட்டது; அருகில் நின்ற நாலைந்து பேருக்கும் கேட்டிருக்கும். ஒன்று. இரண்டு. சியாட்டிலில் இப்போது காலை ஒன்பதரைகூட ஆகியிருக்காது, சனிக்கிழமை வேறு. மூன்று. ஆர்டிஸ் மூச்சை இழுத்தாள்; துருத்தி அவளோடு விரிந்து லேசாக முனகியது. விட்டாள், சுருங்கியது. நான்கு. தாடிக்காரர் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். இடது தோள் நடுங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"வலிக்குதாடி?" என்றாள் பெவ் மெதுவாக.

ஆர்டிஸ் அவளைப் பார்க்கவில்லை. சாலை முனையைப் பார்த்தபடி, மோவாயால் தன் முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். வார்ப்பட்டை இரண்டு துளை தளர்ந்திருந்தது. பெவ் ஒரு கையால் தொலைபேசியை அவள் காதிலேயே பிடித்துக்கொண்டு, மறு கையால் பட்டையை எட்டிப் பிடித்தாள்.

"ஒரு துளை போதுமா?"

"ரெண்டும் இறுக்கு" என்றாள் ஆர்டிஸ்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.